இருபத்திரண்டாம் நம்பர் அம்மு

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் கார்குழலி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, சாமான் வாங்கறதுக்குக் காலேஜ் போவுதே, அந்தப் பொண்ணா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். கிண்டல்தான், வேறென்ன? டீச்சருக்குப் படிக்கலாம், நர்ஸுக்குப் படிக்கலாம். ஒரு பொருளை நியாயமாக வாங்குவது எப்படி என்று ஒருத்தி ரெண்டு வருஷம், அதுவும் முதுநிலைப் படிப்பாக, சனி ஞாயிறு லீவையெல்லாம் தொலைத்துப் படிக்கிறாள் என்றால் கீழ்வீட்டு மரியம் அக்காவுக்குச் சிரிப்பு வருமா வராதா?

"நானுந்தான் தெனம் மார்க்கெட்ல வாங்கினு கீறேன். எனக்கு ஒரு பட்டம் குடுக்கச் சொல்லும்மா" என்பாள் மரியம்.

"அக்கா, நீ வாங்கற கத்திரிக்காய யாரு பறிச்சா? அவளுக்குக் கூலி ஒழுங்கா வந்துச்சா, குடிக்கத் தண்ணி குடுத்தாங்களா? அத்தக் கேட்டுட்டு வாங்கறதுதான் இந்தப் படிப்பு."

"நல்லா கீது போ. அத்தக் கேட்டுகினு நின்னா கொழம்பு எப்போ வெக்கறது?"

கார்குழலிக்கு வயசு இருபத்தாறு. பி.காம். முடித்து ராயபுரத்தில் ஓர் ஏற்றுமதி ஆபீசில் கொள்முதல் பிரிவு உதவியாளர். உரித்த இறாலை வாங்கி, உறைய வைத்து, கப்பலேற்றும் கம்பெனி. முன்பெல்லாம் வெளிநாட்டுக்காரன் இறால் என்ன சைஸ், என்ன விலை என்று மட்டும் கேட்பான். இப்போது அதை உரித்த கை யாருடையது, அந்தக் கைக்கு உறை கொடுத்தார்களா என்றும் கேட்கிறான். அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் எழுத ஆள் வேண்டுமே, அதற்குத்தான் இவள் அந்தப் படிப்பில் சேர்ந்தாள்.

இறால் அவளுக்குப் புதுசு இல்லை. அவள் அம்மா அம்மு, காசிமேட்டில் ஒரு ஷெட்டில் இறால் உரித்தவள். இவள் பத்தாவது படிக்கும்போது, வேலை முடிந்து வரும் வழியில் பஸ் ஸ்டாப்பிலேயே நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். பதினோரு வருஷம் ஆகிறது. அப்பா கோதண்டம் குட்டி யானை வண்டி ஓட்டுகிறார், துறைமுகத்துப் பக்கம் லோடு அடிப்பார். வீட்டில் ரெண்டே பேர்.

கடைசி செமஸ்டருக்கு ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். ஏதாவது ஒரு சப்ளையரை எடுத்துக்கொண்டு, காகிதத்தை நம்பாமல், வேலை செய்கிற ஆளின் முகம் தெரிகிற வரைக்கும் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று பேராசிரியர் மேத்யூ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆபீசில் மேலாளர் ரகுபதிக்கு ஒரே குஷி.

"நமக்கு இறால் உரிச்சுக் குடுக்கற எர்ணாவூர் ஷெட்டையே எடுத்துக்கம்மா. முப்பத்தெட்டு பொம்பளைங்க, பதினாலு வருஷம், ஒரு விபத்து கிடையாது, ஒரு சாவு கிடையாது. உன் ஆய்வும் ஆச்சு, நம்ம ரிப்போர்ட்டும் ஆச்சு. திங்கக்கிழமை வெளிநாட்டுக்கு அனுப்பணும். கையெழுத்து போட்டுக் குடு, ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீ கொள்முதல் அதிகாரி."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சப்ளையர் சுத்தம் என்று ஒரு கையெழுத்து, அதற்குப் பட்டமும் பதவியும். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

புதன்கிழமை காலை ஏழரைக்கு எர்ணாவூரில் போய் இறங்கினாள். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, ஷெட் உள்ளே தள்ளி இருந்தது. வாசலில் குளோரின் தண்ணீரில் பூட்ஸை முக்கிவிட்டு உள்ளே காலை வைத்தாளோ இல்லையோ, குளிர் பிடறியைப் பிடித்தது. ஐஸிலிருந்து வெள்ளைப் புகை தரையோடு ஊர்ந்து முழங்கால் வரைக்கும் நின்றது. நீள மேஜைக்கு ரெண்டு பக்கமும் முப்பத்தெட்டு பெண்கள், வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி. கண்ணு மட்டும்தான் தெரிகிறது. வடசென்னையில் நாலு பொம்பளைகள் கூடினால் காது கிழியும். இங்கே முப்பத்தெட்டு பேர் நிற்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை.

மேஸ்திரி குணசுந்தரி, அறுபதை நெருங்குகிற அகலமான பெண்மணி, கையில் நோட்டோடு பேர் கூப்பிட ஆரம்பித்தாள்.

"ஒண்ணு, பாப்பாத்தி."

"கீறேன்."

பதில் சொன்ன கண்ணுக்கு இருபது வயசுகூட இருக்காது. பாப்பாத்தி என்று இந்தக் காலத்தில் யார் பேர் வைக்கிறார்கள் என்று கார்குழலி நினைத்தாள்.

"ரெண்டு, சரோசா." "கீறேன்." "மூணு, கன்னியம்மா." "கீறேன்."

ஒவ்வொரு பேருக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு நொடி இடைவெளி இருந்தது. கூப்பிட்ட பேர் எங்கேயோ போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுத முடியாதே.

"இருவத்திரண்டு, அம்மு."

"கீறேன்."

அம்மாவின் பேர். கார்குழலி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். சீ, என்ன பைத்தியக்காரத்தனம், வடசென்னையில் தடுக்கி விழுந்தால் ஒரு அம்மு என்று தன்னையே திட்டிக்கொண்டு, கண்ணாடித் தடுப்பு போட்ட ஆபீஸ் அறைக்குள் போய் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.

பழைய நோட்டுகளையும் சேர்த்துப் பதினாலு வருஷத்துக் கணக்கு. புரட்டப் புரட்ட அவளுக்குக் குழப்பம்தான் வந்தது. முதல் வருஷம் இருந்த அதே முப்பத்தெட்டு பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள். ஒருத்திகூடக் கல்யாணமாகிப் போகவில்லை, சண்டை போட்டு நிற்கவில்லை, வேறு ஷெட்டில் நாலு காசு அதிகம் கிடைக்கிறதென்று ஓடவில்லை. ஆள் மாறாத தொழிற்கூடம் உலகத்திலேயே கிடையாது, அப்படி ஒன்றைப் பார்த்தால் ரெண்டு தரம் பாருங்கள் என்று மேத்யூ வகுப்பில் சொல்லியிருந்தார். இவள் மூணாவது தரமும் பார்த்தாள். பழைய நோட்டுகளில் காசிமேட்டு முகவரியோடு ஒரு முத்திரை இருந்தது. ஷெட் அங்கேயிருந்துதான் இங்கே இடம் மாறியிருக்கிறது.

விரல் தானாக இருபத்திரண்டாவது வரிக்குப் போயிற்று. அம்மு, கணவர் பெயர் கோதண்டம், வியாசர்பாடி. பிறந்த வருஷமும் சரி. பக்கத்தில் இன்றைக்குக் காலையில் போட்ட கையெழுத்து. 'மு'வின் வாலை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தது. பத்தாம் வகுப்பு ரேங்க் கார்டில் அவள் கடைசியாகப் பார்த்த கையெழுத்து அது. மை இன்னும் பளபளவென்று இருந்தது. அவள் தொட்டாள். விரலில் ஒட்டியது.

அலறிக்கொண்டு வெளியே ஓடியிருந்தால் யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். கார்குழலி ஓடவில்லை. படித்த படிப்பு காலைக் கட்டிப் போட்டது. தொழிலாளியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும், மேஸ்திரி பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. "இருபத்திரண்டாம் நம்பரை அனுப்புங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, ரெண்டாந்தரம் சொல்ல வேண்டியிருந்தது.

வந்தவள் முகமூடியைக் கழற்றினாள். முப்பது வயசிருக்கும். ஒல்லியான முகம், வேற முகம். அப்பாடா என்றிருந்தது கார்குழலிக்கு. கூடவே அழுகையும் வந்தது. வேறு யாரை எதிர்பார்த்தாய் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

"பேரு?"

"அம்மு."

"வீட்டுக்காரர்?"

"கோதண்டம். வண்டி ஓட்டறாரு."

"குழந்தைங்க?"

"ஒரே பொண்ணு. கார்குழலி. கொயலின்னு கூப்டுவேன்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பத்தாவது படிக்குது. நல்லாப் படிக்கும், கணக்குதான் ரவ மக்கு."

கார்குழலி பேனாவைக் கீழே வைத்தாள். பத்தாவது. பதினோரு வருஷமாக அந்தப் பொண்ணு பத்தாவதிலேயே உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரி, எழுதி வைத்த கேள்வியை விட்டு வேறு கேள்வி கேட்டுப் பார்த்தாள்.

"இன்னிக்குக் காலைல பொண்ணு சாப்பிட்டுப் போச்சா?"

"இல்ல. சண்ட. ஊட்டி வுடப் போனேன். உன் கை நாறுது, என்னத் தொடாதன்னுச்சு. நாஸ்டா துன்னாம இஸ்கூலுக்குப் பூட்ச்சு." அந்தப் பெண் குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. "சாய்ந்தரம் போம்போது அதுக்கு பஜ்ஜி வாங்கினு போவணும்."

ஐயோ. அது நடந்ததுதான். அன்றைக்குக் காலையில் வீட்டில் அம்மாவும் இவளும் மட்டும்தான். அந்தப் பேச்சை இவள் அப்பாவிடம் சொன்னதில்லை, ஒரு தோழியிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் தான் கடைசியாகப் பேசியது அது என்பதை நினைத்து எத்தனையோ நாள் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அதை முன்பின் தெரியாத ஒருத்தி ஒப்பிக்கிறாள்.

தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது. எதிரே இருந்தவள் கையை நீட்டினாள். இறால் வாடை படாமல் புறங்கையைத் திருப்பி, மணிக்கட்டால் இவள் கன்னத்தைத் துடைத்தாள். அம்மாவும் அப்படித்தான் துடைப்பாள்.

"யாரு நீ?" என்றாள் கார்குழலி. "நாந்தான் அந்தக் கொயலி. எங்கம்மா செத்துப் பதினோரு வருசம் ஆவுது. நீ யாரு?"

அந்தப் பெண் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கண்ணாடிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நர்மதா. எம் பேரு நர்மதா மேடம். ஏழு வருசமா இங்க கீறேன். சேரும்போது இருவத்திரண்டாம் நம்பர் காலியா கீது, அந்தப் பேரு உன்னுதுன்னாங்க. கையெழுத்தப் பாத்து எழுதிப் பழகிக்கினேன். இங்க எல்லாரும் அப்டித்தான், எதுத்தாப்புல கீற பாப்பாத்திகூட நெஜத்துல ஷாலு." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கே பயமா கீது மேடம். எம் வூடு இங்கியே எர்ணாவூர்ல கீது. சாய்ந்தரமானா காலு வியாசர்பாடி பஸ்ஸுல போய் ஏறுது. பாதி வழியில பாத்தா கையில பஜ்ஜி பொட்டலம். ஆருக்கு வாங்கினேன்னு எனக்குத் தெரியாது."

கதவு திறந்தது. குணசுந்தரி நின்றாள். கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நர்மதாவை வெளியே போகச் சொல்லிவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மொகத்தப் பாத்தவொடனே அம்மு பொண்ணுன்னு தெரிஞ்சிருக்கணும் எனக்கு" என்றாள். "காசிமேட்டு ஷெட்டுல ஐஸ் ரூம்ல அமோனியா கேஸ் லீக் ஆச்சு. பாப்பாத்தி, சரோசா ரெண்டு பேரும் உள்ளியே. உங்கம்மா வாசல் வரிக்கும் வந்தா, அதோட சரி. வெளிய தெரிஞ்சா ஷெட்ட மூடிடுவாங்க, யாரும் சாவலன்னு சொல்லிடுங்கன்னாரு மொதலாளி. மறுநாளு நானு அந்த மூணு பேர வுட்டுட்டுக் கூப்ட்டேன். முடியல கண்ணு. வுட்ட எடத்துல யாரோ நின்னுகினு என்னியே பாக்கற மாரி கீது. கூப்டு கூப்டுன்னு மனசு அடிச்சிக்கிது. அப்பால கூப்ட்டேன், புதுசா வந்த பொண்ணுங்களப் பதில் சொல்லச் சொன்னேன். அப்பதான் தூக்கமே வந்துச்சு எனக்கு."

"அன்னிக்குக் காலைல நடந்தது இவளுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு வேலைக்கு வந்ததும் உங்கம்மா எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதா. ஆடிட்காரன் வந்தா புருசன் பேரு கேப்பான், புள்ள பேரு கேப்பான். அதுக்காவ அவ பேசினது எல்லாத்தியும் சொல்லிக் குடுத்தேன். இருவத்திரண்டாம் நம்பருக்கு நர்மதா மூணாவது ஆளு. அந்த மூணு பேருக்கு அப்பால செத்தவ, நின்னவ, வூர விட்டுப் போனவ, ஆரு பேரையும் நாங்க அடிக்கறதில்ல. பழக்கமாயிடுச்சு. ஆனா இந்தப் பஸ்ஸு, பஜ்ஜி... சத்தியமா அது நானு சொல்லிக் குடுத்தது இல்ல."

கார்குழலி நோட்டை மூடினாள். சாவு எத்தனை என்ற கட்டத்தில் பூஜ்யம் போடச் சொல்கிறார்களே, மூணு என்று எழுதப் போகிறேன் என்றாள்.

"எழுது. ஷெட்ட மூடுவாங்க, முப்பத்தெட்டு பேரு தெருவுக்கு வருவாங்க. அத்த வுடு. பதினோரு வருசமா உங்கம்மா பேரு கூப்டாத நாளு கெடியாது, கீறேன்னு கொரலு வராத நாளு கெடியாது. நீ அடிச்சின்னா அன்னிக்குத்தான் அவ சாவா. பரவால்லியா?" குணசுந்தரி எழுந்தாள். "அப்பால, வூட்டுக்குப் போய் உங்க நைனாவக் கேளு. பஸ் ஸ்டாப்ல செத்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது ஆருன்னு."

சாயங்காலம் கோதண்டம் ஹவுசிங் போர்டு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் கேட்டதும் வாளியைக் கீழே வைத்தார். மறுத்தெல்லாம் பேசவில்லை.

"நாந்தான் போட்டேன்."

"எதுக்கு நைனா?"

"மொதலாளி வந்தாரு. பொண்ணு படிப்பு எங்களுதுன்னாரு. அவ தெனம் சொல்லிகினு இருந்தது அது ஒண்ணுதான், கொயலி இந்த ஷெட்டுக்கு வரக் கூடாது, படிக்கணும்னு. அவதான் பூட்டா, அவ சொன்னதாவது நடக்கட்டும்னு போட்டேன்."

"லோடுமேன் சங்கத்துல உதவித்தொகை குடுக்கறாங்கன்னு சொன்னியே?"

"எந்தச் சங்கம் குடுக்கும்? பதினொண்ணு, பன்னெண்டு, பி.காம். எல்லாம் அவங்கதான்." ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். "இப்பப் படிக்கிறியே, இதுக்கும் மொத வருசம் அவங்க கட்னதுதான்."

கார்குழலிக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் ஆத்திரம் அவர் மேல் மட்டும் இல்லையே. கத்திரிக்காயை யார் பறித்தது என்று ஊரெல்லாம் கேட்டவள், தன் படிப்பு எங்கேயிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த வெட்கம் அவளைப் போட்டுப் பிடுங்கியது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவளுக்கு அந்த ஷெட்டின் வாசலில் போய் நிற்க வேண்டும் போலிருந்தது. உள்ளே போக வேண்டாம், காலை ஏழே முக்காலுக்கு அந்த ஒரு குரலை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கால் துடித்தது. அம்மா எங்கேயோ உயிரோடு இருக்கிறாள், தினம் கையெழுத்துப் போடுகிறாள், சாயங்காலம் எனக்கு பஜ்ஜி வாங்குகிறாள். அதை ஒரு பேனாவால் அடிக்கப் போகிறேனா? சனிக்கிழமை எர்ணாவூர் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் ராயபுரத்தில் இறங்கித் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதினாள். ரகுபதி மூணு தரம் போன் செய்தார், எடுக்கவில்லை. சாவு எத்தனை என்ற கட்டத்தில் மூணு என்று எழுதி, பேரும் தேதியும் போட்டாள். தன் அம்மா பேரை எழுதும்போது எழுத்து கோணலாயிற்று, அப்படியே விட்டாள். இந்த ஷெட்டிடம் வாங்குவதை நிறுத்திவிட்டு ஓடிப்போவது நியாயம் ஆகாது, உயிரோடு வேலை செய்கிறவர்களை அவரவர் பேரிலேயே சேர்க்க வேண்டும், முதலில் நர்மதா என்று கீழே விளக்கமாக எழுதினாள்.

கடைசிப் பக்கத்தில் ஆய்வு செய்பவருக்கான உறுதிமொழி இருந்தது. இந்தச் சப்ளையரிடமிருந்து நீங்கள் எப்போதாவது எதையாவது பெற்றதுண்டா? ஆம், இல்லை என்று ரெண்டு கட்டம். மேத்யூவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஆம்னு போட்டா நீங்க நடுநிலை ஆள் இல்லைன்னு ஆயிடும், உங்க ஆய்வேடு செல்லாது கார்குழலி. பட்டம் கிடைக்காது. நீங்க கண்டுபிடிச்சது புகாரா நிக்கும், வேற ஆள் போய் விசாரிப்பாங்க. இல்லைன்னு போட்டா எனக்குத் தெரியாத மாதிரி என்னால இருக்க முடியும். உங்களால முடியுமான்னு பாருங்க."

இல்லை என்று போட்டால் போதும். அம்மாவின் சாவும் காகிதத்தில் ஏறும், பட்டமும் வரும். அம்மா ஆசைப்பட்டதும் அதுதானே? ஆனால் பொய்யை எழுதித்தான் பதினோரு வருஷம் அவளைச் சாகவிடாமல் வைத்திருந்தார்கள். கார்குழலி ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

பெற்றது என்ன என்று அடுத்த வரி கேட்டது. 'என் படிப்பு' என்று எழுதினாள்.

கொடுத்தவர் பெயர் என்று ஒரு கோடு போட்டிருந்தது. முதலாளியின் பேரை எழுதப் போனவள் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மு என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.